கழுவிய தண்ணீர் யார் கிணற்றுக்கு?

என் பள்ளித் தோழனே, பிறகு என் மச்சானே, கடைசிவரை என் பக்கத்து நிலத்துக்காரனே, துரைசாமி,

பாசத்தோடும் தீராத கோபத்தோடும் எழுதுகிறேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பாசம், கோபம் இரண்டில் ஒன்றும் குறைந்தபாடில்லை. இறந்தவனைப் பற்றி நல்லதுதான் எழுத வேண்டும் என்கிறாள் உன் தங்கை சரோஜா. உயிரோடு இருந்தபோது உன் அண்ணன் என்னைப் பற்றி என்ன நல்லது பேசினான் என்று கேட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து பாத்திரம்தான் பேசியது.

இதை ஊரும் படிக்கும். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

உன் மகள் கலைவாணி உன் நார்த்தூள் களத்தை மறுபடியும் திறக்கப்போகிறாள். நீ வைத்திருந்த மாதிரி வெயிலை நம்பிய களம் இல்லை. கொட்டகை, தூளை அழுத்திக் கட்டியாக்கும் இயந்திரம், பெரிய தொட்டிகள், சுற்றுச்சுவர், எல்லாம் உண்டு. தொழிற்சாலை என்று கூச்சமில்லாமல் சொல்லலாம். ஆனால் மலையாள மாநிலத்துக்குள் தமிழ் பேசும் நம் ஊரில் பஞ்சாயத்து உரிமம் தர வேண்டும். எல்லையை ஒட்டிய நிலத்துக்காரன் எதிர்த்தால் உரிமம் கிடையாது. எல்லையை ஒட்டியவன் யார்? நான்தான். சாகும்போதுகூட எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

நார்த்தூள் எங்கே போகிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரித்த பிறகு உதிர்கிற தூள், நம் அப்பன்கள் காலத்தில் வரப்போரம் குவிந்து கிடந்த குப்பை. அது இப்போது கப்பலேறி நெதர்லாந்து போகிறது. அங்கே கண்ணாடி வீட்டுக்குள் தக்காளி வளர்க்கிறார்கள். அந்தத் தக்காளிச் செடி பிறந்ததிலிருந்து மண்ணையே பார்த்ததில்லை. நம் மட்டைத்தூளில் வேர் விட்டு, குழாய் வழியே சாப்பிட்டு, குளிரூட்டிய வண்டியில் சந்தைக்குப் போகிறது. நம்மைவிடச் சொகுசான பிழைப்பு.

ஆனால் தூளில் உப்பு இருந்தால் அந்தச் சீமைச் செடிக்கு ஆகாது. அதனால் இங்கேயே கழுவி அனுப்ப வேண்டும். ஒரு தடவை இல்லை, பல தடவை. கழுவிய தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். தூள் கப்பலேறும். தண்ணீருக்குக் கப்பல் கிடையாது.

அதை எங்கே விட்டாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் பக்கத்தில் தோண்டித் தோண்டித் தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைப் போர்க் குழிகளுக்குப் பஞ்சமே இல்லை. உன் நிலத்தின் மேற்கு ஓரத்தில், என் வேலியை ஒட்டி, அப்படி ஒன்று வாய் பிளந்து கிடந்தது. கழுவும் தொட்டியை அதன் பக்கத்தில் கட்டி, கழுவிய தண்ணீரைக் குழிக்குள் இறக்கிவிட்டாய். மேலே ஒரு சொட்டு தெரியாது, யாரும் கேட்கமாட்டார்கள், பூமி குடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டாய். வறண்டு போன போரைக் கண்டால் அதைச் சாக்கடையாக்கத் தோன்றுவது நம் ஊர்க்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. தண்ணீர் வராத குழி, தண்ணீரைப் போகவும் விடாது என்று நினைத்தாயா? நிலம் மேற்கே சரிகிறது என்பது ஏர் ஓட்டிய உனக்குத் தெரியாதா?

ஒரு கோடையில் என் கிணறு நிறம் மாறியது. சரோஜா குடத்தைச் சாய்த்துக் காட்டியபோது யாரோ டீ ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் வந்து கத்தினேன். நீ களத்தில் சட்டையில்லாமல், உடம்பெல்லாம் தூளோடு நின்றுகொண்டிருந்தாய். கொஞ்சம்கூடப் பதறவில்லை.

“ஏம் மாப்ள, இங்கிலீசுக்காரன் மில்லுக் கட்டுனப்ப அவன்ற ஆத்துல சாயம் ஓடுச்சா இல்லியா?”

“ஓடுச்சு. அதுக்கு?”

“அவன் இருநூறு வருசம் பொகையும் சாயமும் உட்டுப்போட்டுத்தான் பணக்காரனானான். ஆன பொறவு ஆத்தக் கழுவி அதுல வாத்து நீந்த உட்டான். நானும் மொதல்ல ஆயிக்கறன். அப்பறமேல்ட்டு உன்ற கெணத்தக் கழுவித் தாறன்.”

“அதுவரைக்கும் உன் தங்கச்சி எதக் குடிப்பா?”

“என்றூட்டுக் கெணத்துல வந்து சேந்திக்கச் சொல்லு. தங்கச்சிக்கு இல்லீன்னா சொன்னன்?”

பொருளாதாரத்தில் முதுகலை படித்தவன் நான். நீ பத்தாம் வகுப்பு. ஆனால் அன்று நீ சொன்ன வாதத்தைத்தான் டெல்லியில் கோட்டுப் போட்டவர்கள் எல்லா மாநாட்டிலும் சொல்கிறார்கள். பாதி சரியான வாதம் அது. அதனால்தான் அதன்மேல் எனக்கு இத்தனை வெறுப்பு. முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

நீ விட்டுவிட்ட பாதியை உன் முகத்துக்கு நேரே பலமுறை சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். இங்கிலாந்துக்காரன் அழுக்கைத் தன் ஆற்றில் மட்டும் விடவில்லை. பருத்தி விளைந்த இடத்தில், தேயிலை நட்ட மலையில், சுரங்கம் தோண்டிய ஊரில், கடல் தாண்டி எங்கெங்கோ விட்டான். செலவை வேறு யாரோ ஏற்றார்கள், வரவை அவன் எடுத்துக்கொண்டான். அதே வழியில் பணக்காரனாக வேண்டுமென்றால் உனக்கும் கடல் தாண்டி ஒரு நாடு வேண்டும். உனக்கு இருந்ததெல்லாம் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நான். உன் தொழிற்புரட்சிக்கு நான்தான் காலனி, மச்சான்.

உன் வீட்டுக் குடிநீர்க் கிணறு மட்டும் கிழக்கே, மேட்டில், கண்ணாடி மாதிரி இருந்தது. தொட்டியை அங்கே கட்ட உனக்கு ஏன் தோன்றவே இல்லை?

நீ களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றும் இதே பேச்சுத்தான் வந்தது. நம் இரண்டு குடும்பத்திலும் வழக்கம் உண்டல்லவா, பிணத்தைக் குளிப்பாட்டும் முதல் குடம் கூடப்பிறந்தவள் வீட்டுக் கிணற்றிலிருந்து வர வேண்டும். சரோஜா குடத்தோடு வந்தாள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததும் ஒறம்பரைக்காரர்கள், சொந்தபந்தமெல்லாம், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உன் பெரியப்பா அவசரமாகச் சொன்னார்.

“ஏங் கண்ணு, அது ஆகாது ஆயா. கடைக்கு ஆளனுப்பிக் கேன் தண்ணி வாங்கியாறச் சொல்றன்.”

சரோஜா நகரவில்லை. “எதுக்குங் பெரீப்பா கேனு? என்ற அண்ணன் பண்ணுன தண்ணிதானுங். அவனே குளிக்கட்டும்.”

ஊற்றினாள். வெள்ளை வேட்டியில் அந்த நிறம் பரவியதை எல்லோரும் பார்த்தோம். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். உன்மேல் எனக்கிருந்த மரியாதை முழுவதையும் அன்று அவளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

சரி, இப்போதைய செய்திக்கு வருகிறேன். போன மாதம், கலைவாணியிடம் தூள் வாங்க நினைத்த நெதர்லாந்துக்காரர் நேரில் வந்தார். வெயிலில் தோல் சிவந்து, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. கலைவாணி மாதிரித் தூளைக் காட்டினாள். உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து, சொட்டிய நீரில் முக்கிப் பார்த்து, இன்னும் உப்பு இருக்கிறது, இன்னொரு தடவை கழுவுங்கள் என்றார். பிறகு சரோஜா வைத்த சாப்பாட்டை நம் திண்டாட்டம் எதுவும் தெரியாமல் நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவ வெளியே வந்தவர் என் கிணற்றை எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

இங்கிலீஷில் மிகுந்த கனிவோடு பேசினார். நிலத்தடி நீர் புனிதமானது, எங்கள் முன்னோர் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது, உங்களைப் போன்ற நாடுகள் வேறு பாதையில் போக வேண்டும் என்றார். அரைமணி நேரத்துக்கு முன்னால் இன்னொரு தடவை கழுவச் சொன்ன அதே வாய். ஏப்பம்கூட இன்னும் அடங்கவில்லை.

நான் கலைவாணியிடம் தமிழில் சொன்னேன். “அவரை ஒண்ணு கேளு. கழுவாத தூளை அனுப்பறோம். அவங்க ஊர்லயே கழுவிக்கட்டும்.”

எனக்கே இங்கிலீஷ் தெரியும். ஆனால் அவரோடு அந்த மொழியில் பேச அன்று மனம் வரவில்லை. கலைவாணி கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்தால் பொய் சொல்லியிருப்பார்.

“என்னம்மா சொல்றாரு?”

“அவங்க ஊர்ல அந்தத் தண்ணிய வெளிய உட அனுமதி கெடைக்காதாமுங் மாமா.”

அவ்வளவுதான். உலகப் பொருளாதாரத்தில் நான் படித்த புத்தகங்கள் எல்லாவற்றையும் அந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். அவர்கள் நாடு சுத்தமானது எப்படி என்று இனி யாரும் என்னிடம் விளக்க வேண்டாம். கழுவுகிற வேலையை நம் பக்கம் தள்ளிவிட்டு, கழுவாதே என்று அறிவுரையையும் நம் பக்கம் தள்ளுகிறார்கள். இரண்டையும் ஒரே கப்பலில் அனுப்பக் கூச்சமே இல்லை.

இதற்குப் பிறகு கிராமசபை. பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம். அங்கே சிறப்பு அழைப்பாளராக யார் வந்திருந்தார் தெரியுமா? ஒரு காலத்தில் நான் பாடம் நடத்திய கல்லூரியின் பேராசிரியர். என்னோடு தற்காலிக வேலையில் இருந்தவர், நிரந்தர இடம் வந்தபோது எனக்குக் கிடைக்க வேண்டியதை எடுத்துக்கொண்டவர், இப்போது ஓய்வு பெற்றுச் சுற்றுச்சூழலைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர். நான் மறந்துவிட்டேன் என்று ஊரில் சிலர் நினைக்கிறார்கள். மறக்கவில்லை.

குளிரூட்டிய காரில் வந்து இறங்கினார். தொழிற்சாலை நாகரிகம் செத்துக்கொண்டிருக்கிறது என்றார். மேலை நாடுகள் போன வழி அழிவின் வழி, நமக்குத் தென்னையும் பனையும் எருதும் போதும், எளிமைதான் நம் செல்வம் என்றார். மேசைமேல் அவருடைய எஃகு பாட்டிலில் அவர் வீட்டுத் தண்ணீர் இருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரை அவர் தொடவில்லை. எளிமையில் இத்தனை தேர்ந்தவரை நான் பார்த்ததில்லை.

பின்வரிசையிலிருந்து மாரியம்மாள் எழுந்தாள். உன் களத்தில் தூள் கிளறிய அதே மாரியம்மாள்தான்.

“சாருக்கு எருது வேணும்னா எங்கூட்டுல ஒண்ணு சும்மா நிக்குதுங். கார்ல ஏத்தி உடட்டுங்களா?”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“களத்த மூடுனதுலருந்து வெடியறதுக்கு முந்தி வேன் ஏறிப் பொள்ளாச்சிப் பக்கம் மில்லுக்குப் போறமுங். பொகைய அங்க போயி இழுத்துட்டு வாரமுங். ஆல வேண்டாம்னு நீங்க சொன்னா, நாங்க ஆலைக்குப் போகாம இருந்துருவமா? தூரமாப் போவோம், அவ்வளவுதானுங்.”

பேராசிரியர் தலையாட்டினார். ஆழமான கருத்து என்றார். ஆழம் என்றால் என்னவென்று அவருக்கு என் கிணற்றைக் காட்டியிருக்க வேண்டும்.

மாரியம்மாள் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் காலையில் கள் வண்டி மேற்கே போகிறது, மாலையில் தேங்காய் லாரி கிழக்கே போகிறது. தேங்காய் எண்ணெயாகிப் பாக்கெட்டில் திரும்பி வருகிறது, நாம் கடையில் நின்று வாங்குகிறோம். ஏழையாக இரு, அழகாக இருக்கிறாய் என்று சொல்கிறவனையும் எனக்குப் பிடிக்காது. இன்றைக்கு நாறு, நாளைக்கு மணப்பாய் என்று சொன்ன உன்னையும் எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் நின்றுகொண்டு என்ன செய்வது?

மலையாளியான பஞ்சாயத்துச் செயலாளர் என் பக்கம் திரும்பினார். “சாரே, அயல்வாசிக்கு எதிர்ப்புண்டோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதிர்ப்பேன் என்று ஊருக்குத் தெரியும். இத்தனை வருடமாக உன்னோடு சண்டை போட்ட ஆள் வேறு என்ன செய்வான்? கலைவாணி முன்வரிசையில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரைபடத்தில் தொட்டிகள் மறுபடியும் அதே இடத்தில் இருந்தன, மேற்கு ஓரத்தில், என் வேலியை ஒட்டி. உன் பிள்ளை இல்லையா. ஆனால் இந்தத் தடவை போர்க் குழியை அடைத்துவிடுவதாக அவளே முன்கூட்டி வாக்குக் கொடுத்திருந்தாள்.

“எதிர்ப்பு இல்லை” என்றேன். பேராசிரியர் பேனாவை மூடிவிட்டார். “ஆனால் தொட்டியை இங்கே கட்டக் கூடாது. கிழக்கே, அவங்க வீட்டுக் குடிநீர்க் கிணத்தை ஒட்டிக் கட்டட்டும்.”

“அது சட்டத்திலில்லல்லோ சாரே” என்றார் செயலாளர்.

“சட்டத்துல இல்லாததுனாலதான் சார் அது இத்தனை நாள் என் கிணத்துக்கு வந்துச்சு.”

கலைவாணி சட்டென்று எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது. “என்னங் மாமா பேசறீங்? அந்தக் கெணத்துத் தண்ணியிலதான் என்ற புள்ளைக்குப் பாலு கலக்கறன்.”

“தெரியும். அதனாலதான் சொல்றேன்.”

“பழிவாங்கறீங்களா? அப்பன் பண்ணுனதுக்குப் புள்ளைய?”

பழியா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் பழிதான். ஆனால் பழி இல்லாமல் பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வருகிறேன். அழுக்கு தன் கிணற்றுக்கு வரும் என்று தெரிந்தவன் அடியில் சிமெண்டு பூசாமல் தொட்டி கட்டமாட்டான். அடுத்தவன் கிணற்றுக்குப் போகும் என்று தெரிந்தவன் பூசினாலும் பூசுவான், விட்டாலும் விடுவான். ஏழை நாடுகள் தொழிற்சாலை கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். தாராளமாகக் கட்டுங்கள். கட்டுகிறவன் குடிக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் கட்டுங்கள். பணக்கார நாடு ஒன்றாவது இந்த வழியில் பணம் சேர்த்ததா? எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்கிறேன்.

இவ்வளவையும் கூட்டத்தில் சொல்லவில்லை. “உன் புள்ளை குடிக்கலாம்னா என் ஊட்டுலயும் குடிக்கலாம், கலை” என்று மட்டும் சொன்னேன்.

அவள் உன் குரலில், உன்னைப் போலவே தாடையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

“சரிங் மாமா. அங்கயே கட்டறன். ஆனா உங்க கெணறுதான் கெட்டுப்போச்சுல்ல, இனிமே நீங்களும் அத்தையும் அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிக்கோணும். தள்ளி நின்னு நாயம் பேசறதெல்லாம் ஆகாதுங்.”

மாரியம்மாள் பின்னாலிருந்து “அப்புடிச் சொல்லு ஆத்தா” என்றாள். இத்தனை வருடம் உன்னிடம் பேசிப் பேசி வராத தோல்வி, உன் மகளிடம் ஒரே பேச்சில் வந்தது. ஒத்துக்கொண்டேன். பேராசிரியர் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காரை எடுத்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், தெருப் புழுதி பறந்ததாம்.

இப்போது வேலை நடக்கிறது. உன் காலத்தில் தொட்டிக்கு அடியில் வெறும் சரளையைக் கொட்டிவிட்டுப் போன அதே கொத்தனார்தான். கலைவாணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறாள். ஒரு மூலையில் பூச்சு வெடித்திருந்தது என்று முழுத்தரையையும் உடைக்க வைத்துவிட்டாள். “உங்கப்பா இப்பிடியெல்லாம் பாக்கமாட்டாருங்களே” என்று அவர் முனகினார். “எங்கப்பா இங்க கட்டலீங்களே” என்றாள். கழுவிய தண்ணீரை வடித்து மறுபடியும் கழுவவே பயன்படுத்த ஏதோ ஏற்பாடு செய்கிறாள். எனக்கு முழுதாகப் புரியவில்லை, புரிந்த மாதிரித் தலையாட்டுகிறேன்.

நெதர்லாந்துக்காரருக்கு எழுதிவிட்டாள், இந்த முறையில் செய்தால் விலை கூடும், உங்கள் முன்னோரின் தவறைத் தவிர்ப்பதற்கான செலவு இது என்று. பதில் வரவில்லை. கிணற்றைப் பார்த்து முகம் மாறியவர், விலையைப் பார்த்ததும் மௌனமாகிவிட்டார். வேறு நாட்டில் வேறு ஒருவன் வேலியோரம் தொட்டி கட்டித் தரத் தயாராக இருப்பான், அவனுக்கும் பக்கத்தில் என்னைப் போல் ஒருவன் இருப்பான். அந்த ஆளிடம் நான் என்ன சொல்வேன், மச்சான்? அவர் வாங்காவிட்டால் கலைவாணி என்ன செய்வாள்? கொரியாவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். நீ என்ன செய்திருப்பாய் என்று கேட்கமாட்டேன். அது எனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வாங்கிக்கொள். தொட்டி ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கிணற்றின் முதல் செம்புத் தண்ணீரைத் தினமும் நான் குடிப்பேன், உன் பேரனுக்குப் பால் கலக்கும் முன்னால். நிறமோ ருசியோ மாறிய அன்று களத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். உன் மகள் கத்தட்டும், உன் தங்கை சோறு போடாமல் இருக்கட்டும். தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை, அவள் தொழிலை மூடச் சொல்லி எவன் வந்தாலும், கப்பலில் வந்தாலும் காரில் வந்தாலும், அவனுக்கும் ஒரு செம்பு நீட்டுவேன். குடித்துவிட்டுப் பேசட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன், உன் பேரனோடு ஒரே கிணற்றில் தண்ணீர் குடிக்கப்போகிறவன்.